பாகாயம் போகும் சாலை

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் வேலூர் வண்டி ஏறினால் 80 கிலோமீட்டர் சொச்சம். போளூர் தாண்டி, கண்ணமங்கலம் தாண்டி, கணியம்பாடி வரும். அடுத்துப் பாகாயம். வேலூர் ஊருக்குள் நுழையும் முன்பே அங்கே இறங்கிவிடும் குடும்பங்கள் உண்டு. அம்மா ஜன்னலோரம், பிள்ளை நடுவில், அப்பா இந்த ஓரம் என்று வழி முழுக்க அவனை இருபுறமும் அணைத்தபடி வந்திருப்பார்கள். மடியில் துணிப்பை, பைக்குள் பழைய சீட்டுகள், அவற்றோடு அண்ணாமலையார் கோயில் விபூதிப் பொட்டலம். தலைமுறைகளாக இந்தச் சாலையில் இப்படித்தான் போய் வருகிறார்கள்.

மனம் கலங்கிய இளைஞனை எங்கே கூட்டிப்போவது? இந்த வட்டாரம் காலத்துக்குக் காலம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறது. கோயில் மண்டபம், கீழ்ப்பாக்கம், பாகாயம், மாவட்ட ஆஸ்பத்திரி, இப்போது பள்ளிக்கூடம், கைப்பேசி. பதில் மாறிய ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சில இடங்களில் ஒரு கணக்கும் இருக்கிறது. இந்த வரலாற்றில் அந்தக் கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம். பிள்ளைகளின் துயரத்தை யாராவது உட்கார்ந்து எண்ணிய பிறகே அவர்களுக்கென்று ஏதாவது நடந்திருக்கிறது.

முதலில் கோயில். 1889இல் 19 வயது இளைஞர் ஒருவர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். குளிப்பதில்லை, ஓரிடத்தில் நிற்பதில்லை. திடீரென்று சிரிப்பார், கடைக்குள் புகுந்து பொருளை வாரி இறைப்பார். உற்றாரும் ஊராரில் பலரும் பித்தன் என்றே நினைத்தார்கள். அவர்தான் சேஷாத்திரி சுவாமிகள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1896 செப்டம்பர் 1 அன்று, மதுரையிலிருந்து வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பிவந்த 16 வயதுப் பையன் ஆயிரங்கால் மண்டபத்தில் வந்து உட்கார்ந்தான். பேச்சில்லை. சாப்பாட்டு நினைவில்லை. ஊர்ப்பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். கல்லுக்குத் தப்பிப் பாதாள லிங்கக் குகைக்குள் இருளில் போய் அமர்ந்தான். பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியதுகூட உறைக்கவில்லை. அந்தப் பையனைக் கல்லெறியிலிருந்து காக்க முன்னே வந்து நின்றவர், ஊர் பித்தன் என்று சொன்ன அதே சேஷாத்திரி. பையன்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

இந்த இருவரையும் நோயாளிகள் என்று சொல்லிவிட யாருக்கும் உரிமையில்லை. அவர்களைப் பற்றி மருத்துவத் தீர்ப்பு எழுதுவது இங்கே நோக்கமும் அல்ல. பார்க்க வேண்டியது ஊரை. வாய் திறக்காத ஒரு பையனை இந்த ஊர் விரட்டவில்லை, கட்டிப்போடவில்லை. யாரோ ஒரு வாய்ச் சோறு ஊட்டினார்கள், யாரோ தூக்கிவந்து வெளிச்சத்தில் உட்கார வைத்தார்கள். பெரிய கருணை அது. அதே கருணைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மௌனமாக இருக்கும் பிள்ளையிடம் ‘என்னப்பா ஆச்சு?’ என்று கேட்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. இன்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் காவி உடைகளுக்கு நடுவே யார் துறந்து வந்தவர், யார் வீட்டுக்கு வழி தெரியாமல் போனவர் என்று நடந்துபோகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

உளவியலின் மேதைகளில் ஒருவரான கார்ல் யுங் 1937–38இல் இந்தியா வந்தார். சென்னை வரை வந்தவர் திருவண்ணாமலைக்கு வரவில்லை. பிறகு, ரமணரைப் பற்றி ஹைன்ரிஹ் சிம்மர் எழுதிய ஜெர்மன் நூல் 1944இல் வெளியானபோது அதற்கு யுங் முன்னுரை எழுதினார். மகரிஷியைப் பார்க்காமல் போனதற்கு அதில் விளக்கமும் சொன்னார். மேற்கின் மனவியலும் இந்த மலையும் அவ்வளவு அருகில் வந்து சந்திக்காமலே விலகிப்போன தருணம் அது.

கோயிலில் தங்கினால் மனம் தெளியும் என்பது தமிழ்நாட்டில் பழைய நம்பிக்கை. திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலத்தில் ஒரு மண்டலம், 48 நாள் தங்க வைப்பார்கள். இதையெல்லாம் மூடத்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளியவர்களுக்கு நடுவே, அளந்து பார்க்கலாம் என்று கிளம்பினார் ஆர். ரகுராம் என்ற மனநல மருத்துவர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய அவரும் சகாக்களும் தென்தமிழகச் சிற்றூர் ஒன்றிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை, வந்தபோதும் கிளம்பும்போதும் சோதித்தார்கள். பெரும்பாலோருக்குத் தீவிர மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மாத்திரை இல்லை. தண்ணீர் இறைப்பது, செடிக்கு ஊற்றுவது, கோயிலைக் கூட்டுவது போன்ற வேலைகள், கூடவே வீட்டு ஆள் ஒருவர். நோய் அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனாலும் மிரட்டலில்லாத இடம், சோறு, வேலை, பக்கத்தில் சொந்தம் என்ற நான்கும் ஒரு மனிதனை எவ்வளவு தூக்கி நிறுத்தும் என்பதற்கு எழுத்தில் கிடைத்த சாட்சி அது.

அந்தக் கட்டுரை வருவதற்கு முந்தைய ஆண்டில்தான் நேர்மாறான சாட்சியும் கிடைத்திருந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடி. தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோய் தீரும் என்று அந்த ஊர் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்து நடந்த வியாபாரம் அது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மனிதரைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் எழுத்தாக ஏறியதற்குப் பின்னால் அந்த 28 உயிர்கள் இருக்கின்றன.

மருத்துவமனை என்று பார்த்தால் திருவண்ணாமலைக்காரர்களுக்கு நெடுங்காலம் இருந்தது சென்னை ஒன்றுதான். 1794இல் தொடங்கிய சென்னைப் பித்தர் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே தமிழில் வசைச்சொல் ஆனது. 1960களில் அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், அந்தச் சுவர்களுக்குள் காற்றும் வெளிச்சமும் வரப் பாடுபட்டவர். ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு ஆய்வுக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். இருந்தாலும் போளூர்ப் பக்கத்து விவசாயி தன் மகளைக் கூட்டிக்கொண்டு சென்னை போவதென்பது, ஊர் முழுக்கத் தெரியும்படி பறை அறைவதற்குச் சமம்.

பாகாயம் அதை மாற்றியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறையைத் தொடங்கியவர் கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ். 1957இல் பாகாயத்தில் மனநல மையம் உருவானது. நோயாளியை வாசலில் விட்டுவிட்டுப் போக முடியாது என்பது அங்கே எழுதாத விதி. குடும்பமும் கூடவே தங்க வேண்டும். சிறு சிறு அறைகள். அம்மாவே சமைப்பாள், அம்மாவே மாத்திரை கொடுப்பாள், மருத்துவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். ஏறக்குறைய அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து உறவினர்களைத் தங்க வைத்தார். மேலை நாடுகளில் உறவினரைப் பார்வை நேரத்துக்கு மட்டும் அனுமதித்த காலம் அது. இங்கே பணமும் செவிலியரும் போதாமையால் பிறந்த ஏற்பாடு என்றும் சொல்லலாம். ஆனால் அது வெறும் சமாளிப்பு அல்ல என்று பின்னால் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு தாவு தாவி இந்த நூற்றாண்டுக்கு வர வேண்டும். சென்னை ஸ்கார்ஃபும் மான்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழகமும் சேர்ந்து, முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 16 முதல் 35 வயது வரையிலான இளையோரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தன. சென்னையில் 168 பேர், மான்ட்ரியலில் 165 பேர். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரியான சிகிச்சை. சென்னையில் குடும்பங்கள் சிகிச்சையோடு ஒட்டி நின்றன. மான்ட்ரியலில் மாதங்கள் போகப்போகக் குடும்பத் தொடர்பு நழுவியது. ஒடுங்கிப்போதல், பேச்சற்றுப்போதல், எதிலும் நாட்டமின்மை போன்ற அறிகுறிகள் சென்னைப் பிள்ளைகளுக்கு நன்றாகவே குறைந்தன. பாகாயத்து அம்மா அடுப்பு மூட்டியதற்கு ஆய்வு மொழியில் கிடைத்த பதில் இது என்று சொன்னால் மிகையில்லை.

திரும்பக் கணியம்பாடிக்கு வர வேண்டும். பேருந்து இரண்டு நிமிடம்கூட நிற்காத ஊர்தான். ஆனால் தமிழ்நாட்டு இளையோர் மனநல வரலாற்றில் இதைவிட முக்கியமான ஊர் இல்லை.

கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை கணியம்பாடி ஒன்றியத்தின் கிராமங்களில் பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள். ஊருக்கு ஒரு நலப்பணியாளர், அந்த ஊர்ப் பெண்ணே. யார் கர்ப்பம், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் இறந்தார் என்று வாராவாரம் சொல்வார். இறப்பு என்றால் அதோடு விடுவதில்லை. செவிலியர் போவார், பிறகு மருத்துவர் போவார். திண்ணையில் உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதுவார்கள். தற்கொலை முயற்சி அப்போது சட்டப்படி குற்றம். போலீஸ் வருமே, மற்ற பிள்ளைகளுக்குச் சம்பந்தம் அமையாதே என்று பயந்து ‘வயித்து வலி’ என்று சொல்லிப் புதைத்த கதைகள் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறாது. வீட்டுக்கு வந்துபோய்ப் பழகிய செவிலியரிடம் மட்டுமே அந்த உண்மை வெளியே வரும்.

1992 முதல் 2001 வரை பத்து ஆண்டுப் பதிவுகளை ரீட்டா ஆரோன், ஆபிரகாம் ஜோசப் உள்ளிட்ட குழுவினர் கூட்டிப் பார்த்தார்கள். 10 முதல் 19 வயது வரை மட்டும். 2004இல் லான்செட் இதழில் வந்தது முடிவு. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத் தற்கொலையால் இறந்த பையன்கள் 58, பெண்பிள்ளைகள் 148. உலக அளவில் எல்லா வயதினருக்குமான சராசரி அப்போது 14.5. அந்த வயதில் இறந்த பெண்பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் கையால் இறந்திருந்தார்கள்.

148 என்ற எண்ணை நிதானமாக வாசிக்க வேண்டும். அதற்குள் இருந்தவர்கள் பாவாடை தாவணியில் இதே பேருந்தில் பள்ளிக்குப் போனவர்கள். அவர்களில் பெரும்பாலோரை எந்த மனநல மருத்துவரும் பார்த்ததில்லை. திருவண்ணாமலையும் வேலூரும் 1989 செப்டம்பர் 30 வரை ஒரே வட ஆற்காடு மாவட்டம். மண்ணும் பேச்சும் கல்யாண முறையும் கடனும் ஒன்றே. கணியம்பாடியில் எண்ண ஆள் இருந்தது, எண்ணினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அப்படி எண்ணியவர் இல்லை. அதனால் இங்கே துயரம் குறைவு என்று ஆகிவிடாது.

அரசு என்ன செய்துகொண்டிருந்தது? 1982இல் தேசிய மனநலத் திட்டம். கர்நாடகத்தின் பெல்லாரியில் சோதித்துப் பார்த்த முறையை வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம். தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சிக்கு. பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கு. மாவட்டத் தலைமையிடத்தில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர். குறிப்பிட்ட கிழமைகளில் வட்ட மருத்துவமனைகளுக்கு வருவார்கள். பெரியவர்களின் மனச்சிதைவுக்கும் வலிப்புக்கும் மாத்திரை பக்கத்தூரிலேயே கிடைத்ததே பெரும் விடுதலை. சீருடை போட்ட பிள்ளை மட்டும் அந்த வரிசையில் வந்து நிற்கவில்லை. 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 100க்கு ஏழு பேருக்கு மேல் மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. ஒரு வகுப்பறைக்கு இரண்டு, மூன்று பேர்.

அவர்களுக்கு மாத்திரையை விடப் பேச்சு வேண்டும். வெறும் ஆறுதல் பேச்சு போதாது, பலன் தரும் என்று சோதித்துத் தெரிந்துகொண்ட பேச்சு வேண்டும். இதற்கும் உலகில் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜான் வைஸ் 1990களின் தொடக்கத்தில் சங்கடமான உண்மை ஒன்றைச் சொன்னார்: பல்கலைக்கழகச் சோதனைகளில் பிள்ளைகளுக்குப் பலன் தரும் சிகிச்சை, தெருமுனை மனநல மையங்களில் நடக்கும் சிகிச்சையில் தென்படவில்லை. ஏட்டில் இருந்தது வீட்டுக்கு வரவில்லை. அவரும் புரூஸ் கோர்பிட்டாவும் சிகிச்சையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். பயத்துக்கு இது, சோர்வுக்கு இது, அடம்பிடிப்புக்கு இது என்று வந்த பிள்ளைக்கு ஏற்பக் கோத்துக்கொள்ளலாம். ஹவாயிலும் மாசசூசெட்ஸிலும் 174 பிள்ளைகளிடம் சோதித்தபோது வழக்கமான சிகிச்சையை விட அது மேலாக இருந்தது. அந்த முடிவு 2012இல் வெளியானது.

இந்தியாவுக்கு வேறு சிக்கல். கோக்கத் தெரிந்த உளவியலாளரே இல்லை. கோவாவில் 1996இல் தொடங்கிய சங்காத் அமைப்பும் அதை நிறுவியவர்களில் ஒருவரான விக்ரம் படேலும் கேட்ட கேள்வி எளியது. பட்டம் இல்லாத ஒருவருக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்தால் போதாதா? பீகாரில் 74 பள்ளிகளில் சோதித்தார்கள். சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர், சிலவற்றில் அதே திட்டத்தோடு ஆசிரியர். 2018இல் வந்த முடிவில் ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழல் மாறியது, மனச்சோர்வும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் மாற்றமில்லை. ஆசிரியர் தலையில் எதையும் ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய முடிவு இது. மார்க் போடுகிறவரிடமே மனதைத் திறப்பது எந்தப் பிள்ளைக்கும் கடினம்.

அடுத்து டெல்லியில் ஆறு அரசுப் பள்ளிகள், 251 மாணவர்கள். மூன்று வாரத்தில் நான்கைந்து சந்திப்பு, ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம். அந்த அரை மணியில் என்ன நடக்கும்? போளூரில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணை வைத்து நினைத்துப் பார்க்கலாம். தூக்கமில்லை, தலைவலி, ‘படிச்சது எதுவும் நிக்கல’. ஆலோசகர் ஓர் அக்கா. “உனக்கு என்ன வியாதின்னு நான் சொல்லப்போறதில்ல. எது ரொம்ப அழுத்துது, நீயே சொல்லு” என்பார். மூன்று விஷயம் வரும்: கணக்குப் பரீட்சை, பேருந்தில் தொல்லை தரும் ஒருவன், பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று வீட்டில் ஓடும் பேச்சு. மூன்றையும் நோட்டில் எழுதுவாள். இந்த வாரம் கைவைக்கக்கூடியது எது? பேருந்து. என்னென்ன வழி? முந்தைய வண்டியில் போகலாம், தோழிகளோடு சேர்ந்து ஏறலாம், நடத்துநரிடம் சொல்லலாம், அண்ணனிடம் சொல்லலாம். “அண்ணன்கிட்ட சொன்னா ஸ்கூல நிறுத்திடுவாங்கக்கா.” அப்படியானால் அது வேண்டாம், அடித்துவிடு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த வாரத்துக்குள் செய்து பார்த்துவிட்டு வா. அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒரு முடிச்சைத் தானே அவிழ்த்த கை அடுத்த முடிச்சுக்குப் போகும்.

2020இல் வெளியான டெல்லி முடிவு நேர்மையானது. ஆறு வாரத்தில், ஆலோசகர் இல்லாமல் புத்தகம் மட்டும் பெற்ற மாணவர்களை விட ஆலோசகரைச் சந்தித்தவர்களுக்குப் பிரச்சினையின் பாரம் குறைந்திருந்தது. ஆனால் மனநல அறிகுறிகளை அளக்கும் மதிப்பெண்ணில் அப்போது வித்தியாசம் தென்படவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். சோதித்துப் பார்த்த சிகிச்சையை நம்பலாம் என்பதற்குக் காரணமே இந்த ஒளிவின்மைதான்.

ஆலோசனை அறைக்கு வெளியேயும் தமிழ்நாடு சில நல்ல காரியங்கள் செய்தது. 1986இல் சென்னையில் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், தேர்வில் தோற்ற பிள்ளைக்கு ஓர் ஆண்டு முழுக்க வீட்டில் குனிந்த தலையோடு உட்காரும் தண்டனை கூடாது என்று தொடர்ந்து சொல்லிவந்தார். உடனடித் துணைத்தேர்வு நடைமுறைக்கு வந்தது. 2017இல் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. 2021 செப்டம்பரில், நீட் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை 104 மருத்துவ உதவி எண்ணிலிருந்து ஆலோசகர்கள் தாங்களாகவே அழைத்துப் பேச ஏற்பாடு செய்தார்கள். 2022 அக்டோபரில் 14416 என்ற மனநல உதவி எண் வந்தது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்லிவிட்டது. ‘வயித்து வலி’ என்று பொய் சொல்ல வேண்டிய பயம் சட்டத்தில் போய்விட்டது. வீடுகளில் இன்னும் முழுக்கப் போகவில்லை.

இந்த ஏற்பாடுகள் எளிதில் எட்டாத இடமும் பக்கத்திலேயே உண்டு. போளூரிலிருந்து மேற்கே திரும்பினால் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூருக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை, ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பழங்குடிப் பிள்ளைகள் அங்கே அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். தேன், புளி, சாமை எல்லாம் அந்தப் பாதையில் இறங்கிப் போளூர்ச் சந்தைக்கு வருகின்றன. மலையில் ஒரு பிள்ளைக்கு மனம் கலங்கினால் வீட்டார் முதலில் கேட்பது ஊர்ச் சாமியாடியைத்தான். மிகப் பக்கத்தில் இருப்பவர் அவர். பாகாயம் போக இரண்டு பேருந்து, ஒருநாள் கூலி. 14416க்குப் பேச வேண்டுமென்றால் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு டவர் கிடைக்கும் பாறை வரை ஏற வேண்டிய சிற்றூர்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.